வீவக வீட்டில் ஒலிப்பதிவு: எந்தப் பிளக்-இன்னை வாங்குவது, எதை விடுவது

என் கணினியில் 140-க்கும் மேற்பட்ட பிளக்-இன்கள் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துப் போடும் சிறு கருவிகள்) இருக்கின்றன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். கடைசியாக முடித்த நான்கு பாட்டுகளைத் திறந்து, எது எது உண்மையில் வேலை செய்கிறது என்று பார்த்தால், திரும்பத் திரும்ப அதே ஒன்பதுதான். மீதியெல்லாம் நவம்பர் தள்ளுபடியில் வாங்கியவை, இலவசம் என்று இறக்கியவை, ‘இது இல்லாமல் மிக்ஸே கிடையாது’ என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதை நம்பிக் காசு கொடுத்தவை. அந்தக் காசுக்கு நல்ல மைக் ஒன்று வந்திருக்கும்.

சிங்கப்பூரில், யீஷூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சன்னலைத் திறந்தால் எம்ஆர்டி ரயில் தண்டவாளம். நடு அறைதான் ஸ்டுடியோ. பெரும்பாலும் அக்கா மகள் பாடுவதைப் பதிவு செய்கிறேன், சில நாள் மிருதங்கமும் உண்டு. நடுநடுவே நண்பர்களின் பாட்காஸ்ட். இதே மாதிரி வீட்டில், இதே மாதிரி வேலைக்குப் பிளக்-இன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாட்டுக்குப் பின்னால் வாசிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பிளக்-இன்கள் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. பதிவான ஒலியைச் சரிசெய்யும் பிளக்-இன்கள் மட்டும்தான்.

முதல் படி: ஒன்றுமே போடாமல் கேளுங்கள்

மைக்கை வைத்து, பதினைந்து விநாடி சும்மா இருங்கள். பிறகு ஒரு நிமிடம் பாடுங்கள் அல்லது பேசுங்கள். இரண்டையும் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். காதில் உறுத்துவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிளக்-இன் பெயர் எதுவும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. ‘ஸ’ வரும் இடமெல்லாம் குத்துகிறது, மேல் ஸ்தாயியில் குரல் திடீரென்று பெரிதாகிறது, பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஏதோ ஓடுகிறது என்ற மாதிரி மட்டும் எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு உங்கள் கடைப் பட்டியல்.

என் முதல் தாளில் பாதிக்கு மேல் அறையின் குற்றமாகவே இருந்தது. மின்விசிறி, கீழ்வீட்டு ஏர்கான், ரயில், குயில். ஊரில் குயில் கூவினால் கவிதை எழுதலாம். இங்கே புளோக்குக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்து விடிகாலையிலேயே ஆரம்பித்தால் அன்றைய காலைப் பதிவு போச்சு. குயிலின் குரல் பாடகரின் குரல் இருக்கும் அலைவரிசையிலேயே விழுகிறது. அதை மட்டும் தனியாக வெட்டியெடுப்பது பெரும்பாடு.

சத்தங்களை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி ஓடும் சத்தம் (விசிறி, ஏர்கான்) ஒரு வகை. வந்து போகும் சத்தம் (ரயில், பறவை, பக்கத்து வீட்டுத் துளையிடல்) இன்னொரு வகை. முதல் வகையை நாய்ஸ் ரிடக்‌ஷன் பிளக்-இன்கள் நன்றாகவே குறைக்கும். நீங்கள் பதிவு செய்த அந்தப் பதினைந்து விநாடி அமைதியைக் கேட்டு, ‘இதுதான் சத்தம்’ என்று கற்றுக்கொண்டு, மீதியிலிருந்து அதைக் கழித்துவிடும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாஃபிர் இதைச் சும்மாவே செய்யும். ஐசோடோப் ஆர்எக்ஸ் இன்னும் நாசூக்காகச் செய்யும், விலையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டாவது வகைக்கு நேரத்தை மாற்றுவதுதான் மலிவு. வீவக வீடுகளில் சுவர் உடைப்பது, ஓடு வெட்டுவது போன்ற பெரிய சத்த வேலைகளை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். ஆகவே சனிக்கிழமை காலை எனக்குப் பதிவு நேரம்.

ஹம், அதாவது மின்சாரத்தால் பதிவில் ஏறும் ‘ம்ம்ம்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் ‘60 ஹெர்ட்ஸில் வெட்டு’ என்பார்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே ஹம் 50-இலும் அதன் மடங்குகளான 100, 150, 200-இலும் உட்காரும். அக்கா மகளின் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஆதார ஷட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 156. இப்போது பாருங்கள்: 150-இல் ஒரு வெட்டு, 200-இல் ஒரு வெட்டு என்று அகலமாகப் போட்டால், ஹம்மோடு சேர்ந்து பஞ்சமமும் ஷட்ஜமும் மெலிந்துபோகும். ஹம் பிளக்-இன் வாங்க நினைத்த அன்றைக்கு மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்து பார்த்தேன். ஹம் போய்விட்டது. ஒரு வெள்ளிகூட (டாலர்) செலவில்லை.

பாம் ஷெல்ட்டர் கதையும் அப்படித்தான். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு குட்டி அறை இருக்கும். நாமெல்லாம் அரிசி மூட்டையும் சாமான்களும் வைத்திருப்போம். அமைதியான இடமாயிற்றே என்று ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு அங்கே பாடவைத்தேன். ரயில் கேட்கவில்லை. ஆனால் அவள் ரிஷபத்தில் நிற்கும்போதெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து பாடியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர்தான், அந்த இடைவெளியில் சுமார் 115 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 230-உம் தேங்கி நிற்கும். அவளுடைய ரிஷபம் 233. எதிரொலியை எடுக்கும் பிளக்-இன் மூன்றின் டெமோவைப் போட்டுப் பார்த்தேன், மூன்றுமே குரலைத் தண்ணீருக்குள் அமுக்கிய மாதிரி ஆக்கின. கடைசியில் நடு அறைக்கே திரும்பி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தேன். துணி காயப்போடும் ஸ்டாண்டில் இரண்டு கம்பளி. அவ்வளவுதான்.

சுவரில் மோதி வரும் ஒலியை எடுக்கப் பிளக்-இன் வாங்குவதை ஆகக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். தாளில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: உங்கள் மென்பொருள் எதை ஏற்கும்?

இது சலிப்பான விஷயம். ஆனால் இதைப் பார்க்காமல்தான் நான் முதல் முறை காசை விட்டேன்.

பிளக்-இன்கள் சில வடிவங்களில் வருகின்றன. ஸ்டெய்ன்பெர்க் 1996-இல் கொண்டுவந்தது விஎஸ்டி, இப்போது புழக்கத்தில் இருப்பது விஎஸ்டி3. ஆப்பிளின் வடிவம் ஏயூ. புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ். ஒலிப்பதிவு மென்பொருள்களில் லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ மட்டும்தான் ஏற்கும். புரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் மட்டும். கியூபேஸுக்கு விஎஸ்டி. ரீப்பர் கிட்டத்தட்ட எதையும் சாப்பிடும், 2022-இல் வந்த கிளாப் என்ற புது வடிவம் உட்பட. பழைய விஎஸ்டி2-ஐத் தவிருங்கள். அதைச் செய்வதற்கான கருவிகளைப் புதியவர்களுக்குத் தருவதை ஸ்டெய்ன்பெர்க் 2018-லேயே நிறுத்திவிட்டது.

மேக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 இறுதியில் எம்1 சிப் வந்ததிலிருந்து, ஆப்பிள் சிலிக்கனில் (ஆப்பிளின் சொந்தச் சிப்) நேரடியாக ஓடும் பிளக்-இன், ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாக ஓடும் பழைய பிளக்-இன் என்று இரண்டு சாதி. தள்ளுபடியில் அடிமாட்டு விலைக்கு வரும் சிலது இரண்டாவது சாதி. ஓடும், ஆனால் சில மென்பொருள்களையே ரொசெட்டாவில் திறக்க வேண்டிவரும். வாங்கும் பக்கத்தில் ‘ஆப்பிள் சிலிக்கனில் நேரடியாக’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஏற்கெனவே இருப்பதைத் தீர்த்துவிட்டு வாங்குங்கள்

லாஜிக்கோடு ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது), ஏழு வகை கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது), ஸ்பேஸ் டிசைனர் என்ற நல்ல ரிவெர்ப் (அறையின் எதிரொலியைச் சேர்ப்பது), குரலின் சுருதியைக் கையால் திருத்த ஃபிளெக்ஸ் பிட்ச் எல்லாம் வந்துவிடுகின்றன. ரீப்பரோடு ரியாஈக்யூ, ரியாகாம்ப், ரியாடியூன். பார்க்க நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கும், வேலை சுத்தம். ரீப்பரையே 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க வெள்ளி.

விலை உயர்ந்த பிளக்-இன்களில் பாதி, பழைய கருவிகளின் உருவத்தையும் குணத்தையும் போலச் செய்பவை. 1960-களின் எல்ஏ-2ஏ, 1967-இல் வந்த 1176 இரண்டும் இன்றைக்கும் கம்ப்ரெசர் பிளக்-இன் விற்பனையின் இரண்டு தெய்வங்கள். வெள்ளி முகப்பு, ஆடும் முள், பெரிய கறுப்புத் திருகு. அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்காக நானும் நான்கு 1176 வைத்திருக்கிறேன். என் அக்கா மகள் பாடிய டிராக்கில் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு எது எது என்று சொல்ல எனக்கு முடியவில்லை.

நான்காம் படி: ஒரு வேலைக்கு ஒன்று

இப்போது தாளைப் பார்த்து ஒவ்வொரு குறைக்கும் எதிரே வேலையின் பெயரை எழுதுங்கள். குத்தும் ‘ஸ’ என்றால் டி-எஸ்ஸர். ஏறி இறங்கும் குரல் என்றால் கம்ப்ரெசர். மங்கல், முணுமுணுப்பு என்றால் ஈக்யூ.

ஈக்யூவில் உங்கள் மென்பொருளோடு வருவதே போதும். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் டோக்கியோ டான் லேப்ஸின் டிடிஆர் நோவா. இலவசம். குறிப்பிட்ட அலைவரிசை சத்தமாகும்போது மட்டும் அதை இறக்கும், சத்தமில்லாதபோது தொடாது. அதை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் டி-எஸ்ஸராகவும் ஆகிவிடும். பாட்காஸ்ட் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபேப்ஃபில்டர் புரோ-க்யூ நிச்சயமாக இதைவிட வசதியானது, கை வேகமாக ஓடும். வாரத்துக்கு நான்கு மிக்ஸ் செய்பவர் வாங்கலாம். மாதத்துக்கு ஒன்று செய்பவருக்கு அந்த வேகம் எதற்கு?

குரலுக்கு 80, 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) போடுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்தக் கையோடு மிருதங்கத்திலும் போட்டுவிடாதீர்கள், தொப்பியின் அடிநாதம் பஞ்சாகப் பறந்துவிடும்.

கம்ப்ரெசரை மிருதங்கத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. குரல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும், மிருதங்கம் பொறுக்காது. அட்டாக் (கம்ப்ரெசர் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்; விட எடுத்துக்கொள்வது ரிலீஸ்) மிக வேகமாக, 1 மில்லி விநாடியில் இருந்தால், வலந்தலையில் விரல் படும் அந்த ‘நம்’மின் முனை மழுங்கி, அட்டைப் பெட்டியைத் தட்டிய மாதிரி ஆகும். 20, 30 மில்லி விநாடி விட்டுப் பிடித்தால் முனை தப்பித்துவிடும், பின்னால் வரும் நாதம் மட்டும் அடங்கும். அட்டாக்கையும் ரிலீஸையும் நீங்களே மாற்ற வழியில்லாத, ஒரே ஒரு திருகு மட்டும் உள்ள கம்ப்ரெசர்களைத் தாள வாத்தியத்துக்கு வாங்காதீர்கள். குரலுக்கு அவை பரவாயில்லை, சில சமயம் வசதியும்கூட.

ஒலி சின்னதானால் அதை மூடிவிடும் நாய்ஸ் கேட் தம்பூராவோடு சேராது. வரிகளுக்கு நடுவே கேட் மூடும்போது தம்பூரா நறுக்கென்று அறுந்து, அடுத்த வரியில் மறுபடி முளைக்கும். தம்பூராவைத் தனி டிராக்கில் வைத்தாலும், மைக்கில் கசிந்திருந்தால் இதே கதிதான்.

சரி, பிட்ச் கரெக்‌ஷனுக்கு வருவோம். சுருதி விலகிய குரலைத் திருத்தும் வேலை இது. இங்கேதான் நம்மவர்கள் நிறையச் செலவழிக்கிறார்கள், இங்கேதான் நிறைய ஏமாற்றமும்.

எண்ணெய் வளம் தேட நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் என்பவர் அந்தக் கணிதத்தைக் குரலுக்குத் திருப்பினார். 1997-இல் ஆட்டோ-டியூன் வந்தது. குரல் எந்தச் சுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதன்மேல் இழுத்து உட்காரவைக்கும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பது ரீட்யூன் ஸ்பீட். அதைப் பூஜ்யத்தில் வைத்தால் ரோபோ. ஜெர்மனியின் செலமோனி செய்யும் மெலோடைன் வேறு வழியில் போகிறது. பாடி முடித்த பிறகு ஒவ்வொரு சுரத்தையும் ஒரு குமிழாகத் திரையில் காட்டும், நீங்கள் வேண்டிய குமிழை மட்டும் பிடித்து நகர்த்தலாம்.

இப்போது கமகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கிறது. தானாக இழுக்கும் பிளக்-இன்னுக்கு அந்த அசைவு பிழையாகத் தெரியும். போன வருடம் ஒரு விருத்தத்தில் ரீட்யூன் ஸ்பீடை மிதமாக, 25-இல் வைத்து ஓட்டிக் காட்டினேன். அக்கா மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “மாமா, யாரோ ஹார்மோனியத்துல என் பாட்ட வாசிக்கிறாங்க” என்றாள். சரியாகச் சொன்னாள். அசைவு முழுவதும் படிக்கட்டாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. இந்தப் பிளக்-இன்கள் வழக்கமாகக் கீபோர்டின் சம இடைவெளிச் சுரங்களைத்தான் சரியான இடம் என்று எடுத்துக்கொள்கின்றன. தம்பூராவோடு பாடுகிறவரின் அந்தர காந்தாரம் அங்கே இருப்பதில்லை. தம்பூராவின் நாதத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரம் கீபோர்டைவிட 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்) கீழே இருக்கிறது. ஐந்தரைக் கட்டையில் அது சுமார் 259.6 ஹெர்ட்ஸ், கீபோர்டில் 261.6. இரண்டு ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். ஆனால் சுத்தமாகப் பாடிய காந்தாரத்தைப் பிளக்-இன் ‘திருத்தி’ மேலே தூக்கினால், தம்பூராவோடு உரசிக்கொண்டே இருக்கும். பாடகர் அபசுரம் என்று ரசிகர் நினைப்பார், பழி பாடியவர் தலையில்.

ஆகவே பிட்ச் பிளக்-இன் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை இவை. குறிப்பிட்ட சுரத்தை மட்டும் திருத்த முடிகிறதா? அசைவைத் தொடாமல், நடுப்புள்ளியை மட்டும் நகர்த்த முடிகிறதா? ராகத்துக்கு ஏற்ற மாதிரி வேண்டாத சுரங்களை அணைத்துவைக்க முடிகிறதா? மாயாமாளவகௌளைக்கு மேஜர் (மேற்கத்திய சுர வரிசை) என்று வைத்தால் சுத்த ரிஷபம் சதுஸ்ருதி பக்கம் தாவிவிடும். ஆதார சுருதியைச் சென்ட் கணக்கில் நகர்த்த முடிகிறதா? (கட்டைக் கணக்கு மறந்தவர்களுக்கு: ஒன்று என்றால் சி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப்.) மெலோடைனில் நடுப்புள்ளியையும் அசைவையும் தனித்தனியாகத் தொடும் கருவிகள் அடிப்படைப் பதிப்பான எசென்ஷியலில் இல்லை, அதற்கு மேற்பட்ட அசிஸ்டன்டிலிருந்து உண்டு. தள்ளுபடியில் எசென்ஷியல் மலிவாக வரும்போது இதை மறந்துவிடாதீர்கள். லாஜிக் வைத்திருப்பவர்கள் ஃபிளெக்ஸ் பிட்சை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். மெல்லிசை, ராப், நடனப் பாட்டு செய்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கிரையோன், எம்ஆட்டோபிட்ச் போன்ற இலவசங்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

ரிவெர்பில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் மென்பொருளோடு வருவது போதாவிட்டால் வல்ஹல்லா விண்டேஜ்வெர்ப், 50 அமெரிக்க வெள்ளி. அதே நிறுவனத்தின் சூப்பர்மாசிவ் இலவசம், ஆனால் அது விண்வெளி மாதிரி விரியும், கச்சேரிக்கு ஆகாது. இயல்பான அறை வேண்டுமானால் ஓரில்ரிவர் என்ற இலவசம் நன்றாக இருக்கிறது. எதை எடுத்தாலும் ப்ரீ-டிலே தனியாக இருக்கிறதா பாருங்கள். 20 முதல் 40 மில்லி விநாடி தள்ளி ரிவெர்ப் ஆரம்பித்தால்தான் தமிழின் மெய்யெழுத்துகள் தெளிவாக வரும். தேவாரத்தில் ‘ற்ற’, ‘ட்ட’ எல்லாம் குழைந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் உடனே கேட்பார்கள்.

கடைசியில் உச்சத்தைத் தாண்டவிடாத ஒரு லிமிட்டர், சத்தத்தை அளக்கும் ஒரு மீட்டர். லிமிட்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். மீட்டருக்கு யூலீன் லவுட்னஸ் மீட்டர் போதும், இலவசம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவை) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்பும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. பாட்டை இதற்கு மேல் நெரித்துச் சத்தமாக்கினாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். இந்த வேலைக்கு 300 வெள்ளி கேட்கும் மாஸ்டரிங் தொகுப்புகளை வேடிக்கை மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: டெமோவைக் கண்ணால் கேட்காதீர்கள்

பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வாரமாவது டெமோ தரும். அந்த நாள்களை வீணாக்காமல் இருக்க, டெமோவைத் தொடங்கும் முன்பே சோதனைக்கான டிராக்குகளைத் தயாராக வையுங்கள். உங்கள் குரல், உங்கள் வாத்தியம், உங்கள் அறை. அவர்கள் தரும் மாதிரிப் பதிவில் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் போதும். பல பிளக்-இன்கள் போட்டவுடனேயே ஒலியைக் கொஞ்சம் தூக்கிவிடும், நாமும் ‘ஆகா’ என்போம். ஆகவே போட்டதற்கும் எடுத்ததற்கும் ஒரே அளவு வரும்வரை வெளியீட்டைக் குறையுங்கள். பிறகு மவுஸை பைபாஸ் பொத்தானில் (பிளக்-இன்னை விலக்கி, மறுபடி சேர்ப்பது) வைத்துக் கண்ணை மூடி, எத்தனை முறை அழுத்தினோம் என்பதே மறக்கும் அளவுக்குப் பலமுறை அழுத்துங்கள். இப்போது கேட்டு, எது பிடிக்கிறது என்று முடிவு செய்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். நான் மூன்று முறை இதைச் செய்தபோது இரண்டு முறை பைபாஸில் இருந்ததைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

இரண்டு ஈக்யூக்களில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கும் ஒரு வழி உண்டு. ஒரே டிராக்கை இரண்டாக நகலெடுத்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் ஒரே அமைப்பில் போட்டு, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையைத் தலைகீழாக்கினால் ஒத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும்). இரண்டும் ஒன்றுதான் என்றால் முழு அமைதி. எனக்கு ஓசி ஈக்யூவையும் 200 வெள்ளி ஈக்யூவையும் வைத்துச் சாதாரண வளைவுகளில் கிட்டத்தட்ட அமைதிதான் கிடைத்தது.

ஆறாம் படி: தாமதமும் கணினியின் மூச்சும்

பாடும்போது தன் குரலைத் தானே ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில் பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் மாதிரிகள்) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி, 512 என்றால் 10.7. போய் வர இரட்டிப்பு. இதற்கு மேல் சில பிளக்-இன்கள் தாங்களே தாமதம் சேர்க்கும். லீனியர்-ஃபேஸ் ஈக்யூ, முன்னால் எட்டிப் பார்க்கும் லிமிட்டர், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் அப்படி. பதிவின்போது அவற்றை அணைத்துவிட்டு, மிக்ஸில் போடுங்கள். சொற்கட்டு (தாளச் சொற்கள்) சொல்லும் கலைஞருக்கு இந்தத் தாமதம் உடனே தெரிந்துவிடும். தாளம் கூட வராமல் அவர் முறைப்பது உங்களைத்தான், கணினியை அல்ல.

சிபியு திணறினால் டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது பிளக்-இன் போட்ட ஒலியை அப்படியே கோப்பாக்கி வையுங்கள். புதுக் கணினி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

ஏழாம் படி: காசு

திரையில் தெரியும் விலை நீங்கள் கட்டும் விலையாக இருக்காது. 2020 ஜனவரி முதல், பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் நம்மிடம் விற்கும் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருள், சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024-லிருந்து அது 9 விழுக்காடு. 50 அமெரிக்க வெள்ளிப் பிளக்-இன் 54.50 ஆகிவிடும், அதன் மேல் அட்டை நிறுவனத்தின் நாணய மாற்றுக் கட்டணம். தள்ளுபடியை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சந்தாவா, ஒரேயடியாக வாங்குவதா? நம்மைப் போல் விட்டு விட்டு வேலை செய்பவருக்கு வாங்குவதுதான் லாபம். சந்தா நின்ற மாதத்தில் பழைய பாட்டைத் திறந்தால் பாதிப் பிளக்-இன் வேலை செய்யாது. வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்பு வந்ததும் சில நாள்களிலேயே தனி விற்பனையைத் திரும்பக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம்.

உரிமம் எப்படி இயங்குகிறது என்பதையும் படியுங்கள். சிலவற்றுக்கு ஒரு சீரியல் எண் போதும். சிலவற்றுக்கு உரிமத்தைச் சரிபார்க்கும் ஐலாக் வேண்டும், அதில் யுஎஸ்பி குச்சி, கணினி, இணையம் என்று மூன்று வழி, எல்லாப் பிளக்-இன்னும் மூன்றையும் ஏற்காது. எத்தனை கணினியில் போடலாம், பழைய கணினி செத்துப்போனால் என்ன, விற்க முடியுமா என்ற மூன்று கேள்விக்கும் வாங்குமுன் பதில் தெரிய வேண்டும். என் பழைய மடிக்கணினி மழையில் நனைந்து போன வருடம், ஒரு நிறுவனத்தின் பிளக்-இன்னை அதிலிருந்து விடுவிக்க அந்தக் கணினியையே திறக்கச் சொன்னார்கள். பதினொரு மின்னஞ்சல். கடைசியில் விட்டுவிட்டேன்.

கிராக் செய்த பிளக்-இன்களைப் பற்றி: வேண்டாம். வங்கிக் கணக்கும் சிங்பாஸும் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) திறக்கும் அதே கணினியில் யாரோ பிரித்துக் கட்டிய கோப்பை நிறுவுகிறீர்கள்.

நவம்பர் கடைசியில் ஏறக்குறைய எல்லாமே பாதி விலைக்கு வரும். அதுவரை தாளில் இருப்பதை மட்டும் குறித்துவைத்து, அந்த வாரத்தில் அதை மட்டும் வாங்குங்கள். தொகுப்பாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, 25 பிளக்-இன் தொகுப்பில் மூன்றைத்தான் பயன்படுத்தினேன். இன்றைக்கு முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால், மென்பொருளோடு வந்தவற்றோடு நோவா, யூலீன் மீட்டர் இரண்டையும் இறக்கிவிட்டு ஆறு மாதம் ஓட்டுவேன். அதற்குப் பிறகும் கை தேடினால் ஒரு ரிவெர்ப். பிறகு, பாடுபவர் கேட்டால் மட்டும், மெலோடைன் அசிஸ்டன்ட்.

அந்த விருத்தத்தைப் பிறகு ஒருநாள் இரவில் முடித்தோம். குரலில் ஒரு ஹை-பாஸ், நோவா, மென்பொருளின் கம்ப்ரெசர், கொஞ்சம் ரிவெர்ப். பிட்ச் பிளக்-இன் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் ஒரு ரயில் லேசாகக் கேட்கிறது. அக்கா இதுவரை இருபது முறையாவது போட்டுக் கேட்டிருப்பாள், அவள் இன்னும் கவனிக்கவில்லை.